குனிந்து பார்க்க வேண்டிய கார்

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை காலை வாகனத் தரகர் மஷூர் கீழே நின்று ஹோன் அடித்தபோது, மூன்றாம் மாடி வீட்டில் இருந்த மூன்று பேரும் மூன்று யன்னல்களுக்குப் போனார்கள்.

சிவபாலன் முன்யன்னலுக்கு. அவர் மனைவி அருந்ததி குசினி யன்னலுக்கு. அவர் தங்கை நேசமலர் தன் அறைத் திரைச்சீலையை ஒரு விரல் அகலம் மட்டும் விலக்கினாள்.

வெள்ளவத்தையின் அந்த ஒடுங்கிய ஒழுங்கையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு ஜீப் போல உயர்ந்த கரும்பச்சை நிற சி.ஆர்.வி. வாகனம் ஒன்று நின்றது.

"இவ்வளவு பெரிசோ?" என்றார் சிவபாலன்.

"உங்களுக்கு எல்லாம் பெரிசுதான்," என்றாள் அருந்ததி குசினியிலிருந்து.

நேசமலருக்கு அதன் கூரை மட்டும்தான் தெரிந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வாகனங்களின் கூரைகளையும் மனிதர்களின் உச்சந்தலைகளையும்தான் பார்த்து வருகிறாள்.

கார் ஆசை வந்து தொடங்கிய கதையல்ல இது. போரில் பாதை மூடிய பிறகு யாழ்ப்பாணத்தின் பலாலியிலிருந்து விமானத்தில் கொழும்புக்கு வந்தவள் நேசமலர். கனடாவில் இருக்கும் கணவன் அவளைக் கூப்பிட விண்ணப்பித்திருந்தான். மாசி மாதத்தில் ஒருநாள் கிருலப்பனையில் அவள் போன ஓட்டோவைப் பொலிஸார் மறித்து அவளைக் கொண்டுபோனார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். சிவபாலன் பொலிஸுக்கு ஓடிப்போய், அவள் கொழும்பில் தங்கப் பதிந்த பத்திரத்தைக் காட்டி, கெஞ்சி, அவளைக் கூட்டிக்கொண்டு வரும்போது வீதி விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. அன்று படியேறியவள் பிறகு படி இறங்கவில்லை.

அங்கே என்ன நடந்தது என்று கேட்டதற்கு, ஒன்றும் நடக்கவில்லை என்றாள். ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் என்றாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது நல்லதா கெட்டதா என்று அருந்ததி பல நாள் சமைத்துக்கொண்டே யோசித்திருக்கிறாள்.

இப்போது ஆவணி. வருகிற வியாழக்கிழமை விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை. அந்தத் திகதியைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல ஆளில்லை.

"ஓட்டோவில வரமாட்டன் அண்ணா. சொந்தக் கார் எண்டால் வாறன்," என்று நேசமலர் சொன்னாள். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அண்ணனும் மச்சாளும் கார் தேடினார்கள். தேடி, இரண்டில் வந்து நின்றார்கள்: கொட்டாஞ்சேனையில் ஒரு வெள்ளி நிற பிரீமியோ கார், இந்தக் கரும்பச்சை சி.ஆர்.வி. இரண்டையும் கண்டுபிடித்துத் தந்தவர் தரகர் மஷூர். எதை எடுப்பது என்ற கேள்வியில் கணவனும் மனைவியும் பேச்சைக் குறைத்து ஒரு கிழமையாகிவிட்டது.

மஷூர் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"மிஸ், ஒரு பிளேன்டீ தாங்க. இந்த மாடிப்படிக்கு ஏறுற வாகனம் ஒண்டு ஈக்கிதா எண்டு இனித்தான் தேடணும்."

அருந்ததி பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவள். மஷூரின் மகள் அவளிடம் படித்தவள். அதனால் அவள் எப்போதும் அவருக்கு மிஸ்.

"கீழ நிக்கிறது காரா ஜீப்பா, மஷூர்?" என்று கேட்டார் சிவபாலன்.

"காரும் இல்ல, ஜீப்பும் இல்ல. ஓடக்கொள்ள கார். நிக்கக்கொள்ள ஜீப்."

"நிக்கேக்கதான் எனக்குப் பயம். உது பெரிய ஆக்கள் வைச்சிருக்கிற சாமான். நான் அதுக்குள்ள இருந்தா, இவனுக்கு எங்கால சல்லி எண்டுதான் முதல் பாப்பாங்கள்."

"கார் எண்டால் பாக்கமாட்டாங்களோ?" என்றாள் அருந்ததி.

"ரோட்டில ஓடுறதில பாதி வெள்ளி நிறக் கார். அது ஆற்றை காராவும் இருக்கலாம், ஆரும் கவனிக்கமாட்டாங்கள்."

"ஆற்றையோ எண்டு நினைக்கிற காரில நாங்கள் ஒளிச்சுக்கொண்டு போகலாம். அதுதானே?"

"ஓம். அதுதான்."

இதை அவர் கோபமில்லாமல் சொன்னார். ஒரு தேயிலைக் கம்பனியில் கணக்காளர் அவர். எதையும் கூட்டிக் கழித்துத்தான் வருவார். இந்த முடிவுக்கும் அப்படித்தான் வந்திருந்தார்.

அருந்ததி தேநீரைக் கலக்கினாள். "போன ஐப்பசி மழைக்கு இந்த ஒழுங்கையில முழங்கால் தண்ணி. காரை எடுத்துக்கொண்டு எப்பிடிப் போவியள்? உதில உயரம் இருக்கு. ஏறி இருக்கச் சுகம். முன்னுக்கு என்ன நடக்குது எண்டு தூரத்திலயே தெரியும்."

"தெரிஞ்சென்ன, திரும்பி ஓடுறதோ? காரில டிக்கி வேற, ஆக்கள் வேற. ஆமிக்காரன் டிக்கியைத் திற எண்டால் திறந்து காட்டுவன். பாத்திட்டுச் சாத்துவான். உதில பின்கதவைத் திறந்தா கழுத்துக்குப் பின்னாலயெல்லோ நிப்பான்?"

அவர் சொல்லி முடித்த பிறகுதான் அறைக்கதவில் நேசமலர் நிற்பதைக் கண்டார்கள்.

அருந்ததி தேநீர்க் கோப்பையை மஷூரிடம் நீட்டினாள்.

"எதில உள்ளுக்கு ஆள் இருக்கிறது வெளியில தெரியாது?" என்று கேட்டாள் நேசமலர்.

மஷூர் கோப்பையைக் கீழே வைத்தார். "தங்கச்சி, எவ்வளவு பெற்றோல் குடிக்கும் எண்டு கேட்டிரிக்காங்க. ஏசி எப்பிடி, டிக்கியில எத்தின பேக் போகும், திரும்ப வித்தா என்ன கெடைக்கும், எல்லாம் கேட்டிரிக்காங்க. இத ஒருத்தரும் எனக்கிட்ட கேக்கல்ல."

"அப்ப நீங்களும் பாக்கேல்லையோ?"

"இல்ல, தங்கச்சி. நான் வெளியால நிண்டு விக்கிறவன்."

அருந்ததி திரும்பினாள். "நீரே வந்து இருந்து பாரும் நேசம். உமக்காகத்தானே எடுக்கிறம். நாங்கள் சண்டை பிடிச்சு என்ன?"

நேசமலர் வரமாட்டாள் என்றுதான் சிவபாலன் நினைத்தார். அவள் கட்டிலுக்குக் கீழே குனிந்து செருப்பைத் தேடினாள். வார் காய்ந்து விறைத்துப் போயிருந்தது. கால் நுழைய நேரமெடுத்தது. அவளை ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

* * *

சிவபாலன் ஓட்டினார். மஷூர் பக்கத்தில். பெண்கள் இருவரும் பின்னால்.

காலி வீதிக்கு ஏறியதுமே அருந்ததி சொன்னது சரி என்று சிவபாலனுக்குத் தெரிந்தது. முன்னால் போகும் கார்களின் கூரைகளுக்கு மேலாகப் பார்வை போயிற்று. பஸ்காரன்கூடக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தான். அவர் அதை ரசிக்க விரும்பவில்லை. ஆனால் தோள் தானாக நிமிர்ந்தது.

"பாத்தீங்களா, ஐயா சிரிக்கிறார்," என்றார் மஷூர்.

"நான் சிரிக்கேல்லை. வெயில்."

கொள்ளுப்பிட்டி தாண்டிய காவலரணில் கைகாட்டி மறித்தார்கள்.

சிவபாலன் கண்ணாடியை இறக்கினார். பின்கண்ணாடியையும் இறக்கச் சொல்லி சிப்பாய் சைகை காட்டினான். நேசமலரின் பக்கத்துப் பொத்தானை அருந்ததி எட்டி அழுத்தினாள்.

காரென்றால் சிப்பாய் குனிய வேண்டும். வெயிலில், தோளில் துவக்குடன், ஒவ்வொரு காருக்கும் குனிவது சுலபமல்ல. பாதிப் பேர் குனிவதில்லை. குனிந்தாலும் மடியும் கைப்பையும்தான் முதலில் தெரியும். இந்த வாகனத்தில் அவன் குனிய வேண்டியிருக்கவில்லை. அவன் முகமும் நேசமலரின் முகமும் நேருக்கு நேர் நின்றன. அவன் மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. கன்னத்தில் பரு இருந்தது. அவளைவிட இளையவன்.

"கோஹெத யன்னே?"

எங்கே போகிறீர்கள் என்ற அந்தக் கேள்விக்கு மஷூர் சிங்களத்தில் பதில் சொன்னார். வாகனம் பார்க்கப் போகிறோம், இவர்கள் வாங்கப்போகிறவர்கள், நான் விற்கிறவன், நோன்புக்கு முன்னம் ஒன்றாவது விற்காவிட்டால் என் மனைவி என்னைத்தான் விற்பாள். சிப்பாய் பல் தெரியச் சிரித்தான். ஒருவரிடமும் அட்டை கேட்கவில்லை.

"ஹரி, யன்ன," என்று போகச் சொல்லிக் கையசைத்தான்.

வாகனம் நகர்ந்து வெகுதூரம் போன பிறகும் நேசமலர் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகளை இரண்டு தொடைகளுக்கும் கீழே வைத்து அவற்றின்மேல் இருந்தாள்.

"என்னம்மா?" என்றாள் அருந்ததி மெதுவாக.

"ஒண்டுமில்லை மச்சாள். வலு கிட்ட நிண்டான்."

* * *

கொட்டாஞ்சேனையில் ஹியூபேட் என்பவர் தன் காரை வீட்டு விறாந்தைக்குள்ளேயே ஏற்றி வைத்திருந்தார். மெல்பேர்னில் இருக்கும் மகனிடம் போகிறார். காரை விற்காமல் போக முடியாது, விற்கவும் மனமில்லை. இருக்கைகளில் கம்பனிப் பொலித்தீன் இன்னும் கழற்றாமல் இருந்தது.

"மிஸ்டர் சிவபாலன், ஒண்ணு சொல்லுறேன். மழ பெஞ்சா நான் ஓட்டோவில போவேன். இவள எறக்க மாட்டேன்."

"அப்ப வெயிலுக்கு?" என்று கேட்டார் மஷூர்.

"வெயிலும் இவளுக்கு ஆகாது."

"அப்ப எப்பதான் ஓட்டினீங்க?"

"ஞாயித்துக்கிழம. கொச்சிக்கட அந்தோனியாருக்குப் போய் வருவேன். வேற எங்க போக இருக்கு இந்த நாட்டில?"

எல்லோரும் சிரித்தார்கள். நேசமலரும் சிரித்ததை அருந்ததி கண்டாள்.

நேசமலர் பின்கதவைத் திறந்து உள்ளே போய் இருந்தாள். பொலித்தீன் சரசரத்தது. இருக்கை அவளைக் கீழே வாங்கிக்கொண்டது. கதவுச் சட்டம் தோளுக்கு மேல் வந்தது. பின்கண்ணாடிகளில் இளம் கறுப்பு. அவள் இன்னும் கொஞ்சம் சரிந்து இருந்தாள். வெளியே நின்ற சிவபாலனுக்கு அவளுடைய நெற்றி மட்டும்தான் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

"இது அண்ணா," என்றது உள்ளிருந்து குரல். "இதை எடுங்கோ."

சிவபாலன் அருந்ததியைப் பார்த்தார். வென்ற முகம் காட்டக்கூடாது என்று முயன்றார். அருந்ததி அந்தக் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு ஆள் இருக்கிறாள் என்று தெரிந்தும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அவளுக்குப் பிடிச்சா சரி," என்றாள் கடைசியில்.

முற்பணம் கைமாறியது. ஹியூபேட் கார்த் திறப்பைக் கொடுக்கும்போது காரின் கூரையில் ஒருமுறை தட்டினார். சிவபாலனுக்கு உடனே ஒரு யோசனை வந்தது. தேசிக்காய் வைக்காமல், பூசை செய்யாமல் காரை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு வீதி தள்ளி ஒரு பிள்ளையார் கோயில். மத்தியானப் பூசைக்கு இன்னும் நேரம் இருந்தது.

"போயிட்டு வாங்க," என்றார் மஷூர். "நான் மத்தியான ளுஹர் தொழுதிட்டு இங்க இரிக்கன். சி.ஆர்.வி.ய நான் திருப்பிக் கொண்டுபோறன், என்ன செய்ய."

* * *

ஐயர் காரின் நான்கு சில்லுகளுக்கும் கீழே எலுமிச்சை மணக்கும் நான்கு பச்சைத் தேசிக்காய்களை வைத்தார். கற்பூரம் காட்டினார். அதற்குள் உள்ளே மணி அடித்தது.

"பூசை தொடங்கிட்டுது. மாலையும் சந்தனமும் உள்ளே இருக்கு. நான் வந்து பொட்டு வைச்சு மாலை போட்ட பிறகுதான் தேசிக்காயை நெரிக்க வேணும். அதுவரைக்கும் காரை அசைக்காதேயுங்கோ," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

"நீயும் வாவன்," என்றார் சிவபாலன் தங்கையிடம்.

"சனமாயிருக்கு அண்ணா. நான் இதுக்குள்ளயே இருக்கிறன்."

அவர் இயந்திரத்தை நிறுத்தி, கண்ணாடிகளைக் கொஞ்சம் திறந்துவிட்டு, அருந்ததியுடன் உள்ளே போனார்.

பொலித்தீன் இருக்கை குளிர்ச்சியாயிருந்தது. நேசமலர் செருப்பைக் கழற்றினாள். தலையைக் கதவோடு சாய்த்து, கால்களை இருக்கைமேல் மடக்கினாள். வெளியில் மனிதர்கள் போனார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. மாசிக்குப் பிறகு, ஒரு யன்னலுக்குப் பின்னால் நிற்காமல் தெருவோடு ஒட்டி இருப்பது இதுதான் முதல் தரம். அது அவளுக்கு இனித்தது. கண்ணை மூடினாள்.

விசில் சத்தம் கேட்டுத்தான் கண் திறந்தாள்.

தெருவில் யாரும் இல்லை. எதிர்ப்பக்கத்து சைவக் கடையின் கதவுப் பலகைகளை அவசரமாக மூட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் தூரத்தில் சனம் ஒதுங்கி நின்றது. எல்லோரும் ஒரு திசையைப் பார்த்தார்கள். அந்தத் திசை தான் இருக்கும் இடம் என்று விளங்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

ரோந்து வந்த சிப்பாய் ஒருவன், புதிதாக வந்தவன், ஆளில்லாத கார் ஒன்று கோயில் மதிலோடு நிற்பதைக் கண்டிருக்கிறான். முன்சில்லுக்குக் கீழே உருண்டையாக, பச்சையாக ஏதோ ஒன்று. பின்சில்லுக்குக் கீழும். அவன் விசில் அடித்தான். மற்றது எல்லாம் தானாக நடந்தது. கொழும்பில் அப்போது ஒரு விசில் போதும்.

மூன்று பேர் சந்திக் காவலரணின் மணல்மூட்டைக்குப் பின்னால் குந்தி, துவக்குகளைக் காரை நோக்கி நீட்டியிருந்தார்கள்.

உள்ளே ஆள் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அசையாமல் இருந்தால், குண்டு என்று நினைத்துக்கொண்டே இருப்பார்கள். அசைந்தால், குண்டு வைத்தவள் என்று நினைப்பார்கள். நேசமலர் இரண்டையும் நினைத்தாள். வேறு ஒன்றும் நினைக்க முடியவில்லை.

கோயில் வாசலில் சிவபாலன் கத்துவது கேட்டது. "நங்கி! நங்கி!" என்று மட்டும் கேட்டது. கணக்காளருக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் அந்த நேரத்தில் தங்கை என்ற அந்த ஒரு சொல்லுக்குள் போய்விட்டது. இரண்டு பேர் அவரை மதிலோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். அருந்ததியின் குரல் கேட்கவேயில்லை. அதுதான் நேசமலருக்கு அதிகம் பயமாயிருந்தது.

அவள் முதலில் ஒரு கையை மேலே தூக்கினாள். கண்ணாடியின் மேல் இடைவெளியால் விரல்களை வெளியே விட்டாள். பிறகு மற்றக் கை. பிறகுதான் தலையை உயர்த்தினாள்.

ஒரு துவக்கு அசைந்தது. யாரோ அதட்டினார்கள்.

"தெஹி," என்றாள் நேசமலர்.

ஒருவருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "தெஹி! தெஹி!"

தேசிக்காய்க்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். வெள்ளவத்தை ஒழுங்கையில் காலைதோறும் கூடைக்காரி கூவிக்கொண்டு போவாள். இத்தனை மாதத்தில் இந்த நகரம் அவளுக்குக் கற்றுத் தந்த ஒரே சொல் அது.

வயதான சார்ஜன்ட் ஒருவர் எழும்பினார். மெதுவாக நடந்து வந்தார். குனிந்து சில்லுக்குக் கீழே பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, புதிய சிப்பாயைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். சனத்துக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது.

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. "பஹின்ன," என்றார்.

அவள் இறங்கினாள். செருப்பில்லாத காலுக்குத் தார் சுட்டது. அட்டையைக் கேட்டார். கொடுத்தாள். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். யாழ்ப்பாண விலாசத்தில் கண் நின்றது. தேசிக்காயைக் கண்டபோது அவர் முகத்தில் வந்த இளக்கம் அங்கே இல்லாமல் போனது.

கார் யாருடையது? ஹியூபேட் என்பவருடையது. ஓட்டியது? அண்ணன். உள்ளே ஏன் ஒளித்துக்கொண்டிருந்தாய்?

கேள்விகளைத் தமிழில் சொன்ன சைவக் கடைக்காரர் இதை அவளைப் பார்க்காமல் சொன்னார். அவள் வெறும் காலை மாற்றி வைத்தாள்.

சார்ஜன்ட் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விசாரிக்க வேண்டும், வியாழக்கிழமை காலையில் பொலிஸுக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம் என்றார்.

வியாழக்கிழமை.

சிப்பாய்கள் பிடி விட, சிவபாலன் பக்கத்தில் வந்து நின்றார். சரி என்பதற்கான சிங்களம் மட்டும்தான் வாயில் வந்தது. "ஹொந்தாய், சேர்," என்றார்.

சிப்பாய்கள் நான்கு தேசிக்காய்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். ஐயர் மாலையோடு வாசலில் நின்றார். அதை என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

* * *

நேசமலர் அந்தக் காரில் ஏறவில்லை. ஹியூபேட்டின் வீடு வரைக்கும் நடந்தாள். அருந்ததி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சிவபாலன் காரை அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி வந்தார்.

"இது வேண்டாம் அண்ணா," என்றாள் விறாந்தையில் வைத்து.

"நீதானே பிடிச்சிருக்கெண்டனி?"

"உள்ளுக்கு ஆள் இருக்கிறது தெரியாதபடியாத்தானே துவக்கை நீட்டினவங்கள்."

ஹியூபேட் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். காரைத் திரும்ப விறாந்தைக்குள் ஏற்றியபோது அவர் முகத்தில் ஆறுதல் தெரிந்தது. அதற்காக வெட்கப்பட்டவர் போல உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது சி.ஆர்.வி.யை மஷூர் ஓட்டினார். வழியில் எங்கும் மறிக்கவில்லை. காலிமுகத்திடலில் வைத்து அருந்ததி கேட்டாள்.

"வியாழன் ஏலாது எண்டு ஏன் சொல்லேல்லை?"

"ஏன் ஏலாது எண்டு கேட்டிருப்பார்."

"சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு? நாட்டை விட்டுப் போறதுக்கு மெடிக்கல் எண்டோ? ஓடப் போறாளோ, ஏன் ஓடுறாள் எண்டு கேட்டால்?"

"அப்ப வியாழன் பொலிஸுக்குப் போறதோ, மெடிக்கலுக்குப் போறதோ?"

"ஐ.சி. அட்டை இல்லாமல் மெடிக்கலுக்கு விடமாட்டாங்கள்."

"அதைத்தான் நானும் கேக்கிறன்!"

மஷூர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். நேசமலர் நடுவில் நிமிர்ந்து இருந்தாள். முன்னால் வருகிற ஒவ்வொரு வாகனத்துக்கும் அவள் முகம் தெரிந்திருக்கும்.

வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் திரும்பி, வீட்டு வாசலில் மஷூர் நிறுத்தினார். அருந்ததி இறங்கினாள். சிவபாலன் இறங்கி, வீட்டுத் திறப்பை எடுத்து, பின்கதவுக்கு வந்தார்.

"வா."

நேசமலர் அசையவில்லை.

"இறங்கு நேசம். சாப்பிட்டிட்டு யோசிப்பம். நாளைக்கு ஆரும் லோயரைக் கேப்பம்."

"மேல வந்தா வியாழன் இறங்கமாட்டன் அண்ணா. எனக்கு என்னைத் தெரியும்."

"அதுக்கு?"

"இப்பவே போவம். அந்தப் பொலிஸுக்கு. இண்டைக்கே ஐ.சி.யைத் தாங்கோ எண்டு கேப்பம்."

சிவபாலன் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒழுங்கையில் யாரும் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்தினார். "விசரோ உனக்கு? கூப்பிடாமல் ஆரும் பொலிஸுக்குப் போவினமோ? போனா வாங்கில இருத்தி வைப்பாங்கள்."

"இருந்தனான்தானே. எனக்குத் தெரியும் அது எப்பிடியெண்டு." அவள் முதல் தடவையாக அதைப் பற்றிப் பேசினாள். "ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை அண்ணா. ஒருத்தரும் என்னைப் பாக்கவும் இல்லை. நான் இருக்கிறன் எண்டதையே மறந்துபோச்சினம். இந்த முறை மறக்க விடமாட்டன்."

அருந்ததி மறுபக்கம் சுற்றி வந்து, காலைத் தூக்கி ஏறி, நேசமலருக்குப் பக்கத்தில் இருந்து கதவைச் சாத்தினாள்.

"அங்க போய் என்ன காரணம் சொல்லுறது?" சிவபாலன் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஏன் வியாழன் வரேலாது எண்டு கேட்டால்?"

"போறன் எண்டு சொல்லுவம். புருசனிட்டப் போறன், அதுக்கு மெடிக்கல் எண்டு. அது உண்மைதானே அண்ணா?"

மஷூர் இயந்திரத்தை நிறுத்தியிருக்கவில்லை. "ஐயா, வாகனம் இன்னும் என்ட பொறுப்புலதான் ஈக்கி," என்றார் நேரே பார்த்தபடி. "அவங்க கேட்டா நான் கதைக்கிறன். ஆனா நீங்க வரணும். அண்ணன் இல்லாம ஒரு பொம்புளப் புள்ளய நான் பொலிஸுக்குக் கொண்டுபோக மாட்டன்."

சிவபாலன் முன்கதவைத் திறந்தார். உள்ளே பார்த்தார். பெண்கள் இருவரும் பின்னாலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கையின் முகத்தில் பயம் அப்படியே இருந்தது. ஒரு துளியும் குறையவில்லை.

இருக்கை உயரமாயிருந்தது. அவர் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார். மற்றக் கால் இன்னும் ஒழுங்கையில் இருந்தது.